இரண்டு பேர் போன படகு

2024 பெப்ரவரி 12, திங்கள்

ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு படிப்பித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வெளியே வந்து எடுத்தேன். கடற்படை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, தடுமாறுகிற தமிழில்: "மிஸிஸ் அபூதாஹிர்? போட் கிடைச்சிருக்கு."

சங்கு குளிக்கப் போனவர்கள் மணலில் புதைந்து கிடந்த படகைக் கண்டிருக்கிறார்கள். பதினேழு வருடங்களுக்கு முன் என் கணவரும் அவரோடு வேலை செய்த பேணாட்டும் கடல் ரோந்துக்குக் கொண்டுபோன அதே படகு. இலக்கம் சரி. உள்ளே எலும்புகள். ஒரே ஓர் ஆளுடையவை.

"மற்ற ஆள்?" என்றேன்.

"கடல்தானே, மேடம்."

திரும்பிப் போய்ப் பாடத்தை முடித்தேன். கரும்பலகையில் நான் பிழையாக எழுதியதைப் பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

பெப்ரவரி 14, புதன்

எலும்பு யாருடையது என்று பார்க்கும் மரபணுச் சோதனைக்கு மனைவியின் இரத்தம் உதவாதாம். பிள்ளை, தாய், கூடப்பிறந்தவர்கள் – இவர்களில் ஒருவர் வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய தாய், என் மாமி, மௌத்தாகி அடக்கி ஆறு வருடம். மிச்சம் கணவரின் மூத்த சகோதரி ஸாலிஹா மதினி மட்டும்தான். பாடசாலை விட்டதும் குறிஞ்சாக்கேணியில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏலாது" என்றார் மதினி. "ரெத்தம் குடுத்தா, தம்பி மௌத்தெண்டு நானே கையெழுத்து வெச்ச மாதிரி."

"அது அவரா இல்லையா எண்டு தெரிய வேணாமா, மதினி?"

"பக்கீர் நானா ரெண்டு பேரையும் கண்ணால கண்டவர். மறந்திட்டியா?"

மறக்கவில்லை. படகு காணாமல் போன அடுத்த வருடம், வன்னிக்கு லொறி ஓட்டிக்கொண்டிருந்த பக்கீர் நானா மாமியிடம் வந்து சொன்னார்: ஒரு சிறை முகாமில் அபூதாஹிரும் பேணாட்டும் ஒன்றாக விறகு பிளந்துகொண்டிருந்ததைக் கண்டாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் குடும்பம் இவ்வளவு காலமும் இருந்தது. நானும்தான். யுத்தம் முடிந்த பிறகும், முகாம்களெல்லாம் திறந்த பிறகும்.

நான் எழும்பும்போது மதினி கேட்டார்: "உனக்கு அவன் மௌத்தாகணுமா?"

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பதில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பன்? ஓம். ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். ரப்பே, என்னை மன்னிச்சிடு. இனியும் காத்திருக்க எனக்கு ஏலாமப் போச்சு.

பெப்ரவரி 15

மதினி தொலைபேசியை எடுக்கவில்லை.

பெப்ரவரி 27, செவ்வாய்

விடியற்காலை வாசலில் ஓட்டோ. மதினி, புதுச் செருப்போடு.

"அது அவனில்ல எண்டு காட்டத்தான் வாறன். வேற ஒண்டுக்குமில்ல."

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் லிங்கநகரிலிருந்து பேணாட்டின் மனைவி மாகிரட் வந்திருந்தா. பக்கத்தில் மகள் அஞ்சலினா. படகு போனபோது மாகிரட்டுக்கு ஏழு மாதம்; தகப்பனைக் காணாத பிள்ளை. அவளிடமும் மதினியிடமும்தான் இரத்தம் எடுத்தார்கள். மாகிரட் என்னைக் கண்டதும் எழும்பி வந்து பக்கத்தில் இருந்தா. என்ன கதைக்க? இருப்பது ஒருவர். வந்திருப்பது இரண்டு வீடு.

மார்ச் 21

நோன்பு பத்து. செய்தி இல்லை.

ஏப்ரல் 10

பெருநாள். ஒவ்வொரு பெருநாளைக்கும் அவருக்கு உடுக்க ஒரு சாரம் வாங்குவேன். இந்த முறை கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மே 7, செவ்வாய்

பேணாட்.

மாகிரட்தான் தொலைபேசியில் சொன்னா. "சுஹைரா அக்கா, எங்கட ஆள்" என்றா. பிறகு அழுகைதான் கேட்டது. நானும் அழுதேன். ஆனால் எதற்கு அழுதேன் என்பதை இங்கேயாவது உண்மையாக எழுத வேண்டும். பொறாமை. மாகிரட்டுக்கு அடக்குவதற்கு ஒன்று கிடைத்திருக்கிறது. எலும்புக்குப் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

மதினிக்குச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்! நான் சொன்னனான்தானே!" என்று சத்தம் போட்டார். அவர் சிரித்ததைக் கேட்டு எத்தனை காலம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"மதினி, பக்கீர் நானா ரெண்டு பேரையும் ஒண்டாத்தானே கண்டவர்? பேணாட் இவ்வளவு நாளும் கடலுக்குள்ள கிடந்திருக்கார்."

மதினி தொலைபேசியை வைத்துவிட்டார்.

மே 11, சனி

பேணாட்டை அடக்கினார்கள். பெட்டிக்குள் பாரமே இருக்கவில்லை போல. தூக்கியவர்கள் வழமையை விட வேகமாக நடந்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டு மெதுவானார்கள். மாகிரட் பாதிரியாரின் பக்கத்தில் நிற்காமல் கடைசி வரையும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அஞ்சலினா பெட்டியைத் தொட்டு, "அப்பா" என்றாள். அந்தச் சொல்லை அவள் ஓர் ஆளைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மே 13, திங்கள்

மதினி வந்தார். நேராகக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். பக்கீர் நானாவிடம் போய்விட்டு வந்தாராம்.

"என்ன சொன்னார்?"

"பேணாட்டைத் தாட்டாச்சு எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அழுறார், புள்ள. அவர் ஒருத்தரையும் காணல்லையாம். 'உங்கட உம்மா என்ட காலைப் பிடிச்சிக்கிட்டுக் கேட்டா. லொறியில போற வழியில ஒருக்காவாவது கண்டீங்களா எண்டு. கண்டன் எண்டு சொல்லிட்டன். பிறகு மாத்திச் சொல்ல வாய் வரல்ல' எண்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? உம்மா அதுக்குப் பிறகு பத்து வருசம் சாப்பிட்டுத் தூங்கினா." கதிரையில் இருந்தார். "பள்ளிவாசலுக்குச் சொல்லு. தம்பிக்கு ஜனாஸாத் தொழுகை வைக்கட்டும். அடக்க மையித்து இல்லாமலும் தொழுவாங்கதானே?"

மே 17, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பின் தொழுதார்கள். ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைத் தகப்பன் பெயரோடு சொன்னார்கள். மதினியும் நானும் வீட்டிலிருந்து கேட்டோம். பக்கீர் நானாவும் தொழுகையில் நின்றாராம்.

ஜூன் 10, திங்கள்

காதியார் மரணத்தைத் தீர்ப்பாக எழுதிவிட்டார். இன்றிலிருந்து விதவைக்குரிய இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு. விடுமுறைப் படிவத்தில் காரணம் எழுதுகிற இடத்தில் 'கணவரின் மரணம்' என்று எழுதினேன். அதிபர் இன்ஷிரா வாசித்துவிட்டு, கையெழுத்து வைப்பதற்கு முதல் எழும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

பின்னேரம் மதினி ஒரு பையோடு வந்துவிட்டார், இத்தா முடியும் வரைக்கும் என்னோடு தங்க. இறால் வாங்கி வந்திருந்தார். ஓட்டை உரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பிக்கு இது எண்டாச் சரியான விருப்பமா இருந்திச்சு."

இருந்திச்சு. நேற்று வரைக்கும் 'விருப்பம்' என்றுதான் சொல்லுவார்.

கறி நன்றாக வந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.