உன் அத்தை சுட்ட ரொட்டி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்பதை உன் அத்தை சொல்லித் தெரிந்துகொண்டேன். பெற்ற மகளுடைய சுகம் நாத்தனார் வாய்வழியாக எனக்கு வந்து சேருகிறது, அதற்கும் ஸ்தோத்திரம். உனக்கு இருமல் இன்னும் விடவில்லையாம், புது வீட்டில் ஜன்னல் சரியாக மூடவில்லையாம், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாயாம். முடி விஷயத்தில் எனக்குச் சம்மதம் இல்லை, போகட்டும். ஜன்னல் இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வை. அப்பாவுக்கு முழங்கால் வலி, மாத்திரையைப் போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார். என்னை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மறுபடி இஸ்திரி மேஜைக்கு மாற்றிவிட்டார்கள், பகல் முழுக்க ஆவியில் நின்று விரிப்பு தேய்க்கிறேன், கை வெந்துபோகிறது. இதையெல்லாம் அத்தை உன்னிடம் சொன்னாளோ என்னவோ.

எனக்குப் பொறாமைதான், மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. பெற்ற தாய் படுக்கையில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவள், ஜெபமும் வேண்டாம் ஆலயமும் வேண்டாம் என்று உதறிவிட்டுப் போனவள், வேலையும் போய் ஒற்றைப் பெட்டியோடு நம் வாசலில் வந்து நின்றாள் உன் அத்தை. அண்ணன் சேர்த்துக்கொண்டார், அது அண்ணன் தங்கை விஷயம். ஆனால் சபை முழுக்க அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறதே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அதற்கு மேல் போதகர் என்னைக் கூப்பிட்டு, "இத்தன வருஷம் திருவிருந்துக்கு ரொட்டி நீங்கதானே சுட்டீங்க, இந்த மாசம் அவங்க செய்யட்டுமே, அவங்களும் தேவ கிருபைய உணரணும் இல்லியா" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு ஆகட்டும் என்றேன். கிருபையை உணர என் ரொட்டிதானா கிடைத்தது?

சனிக்கிழமை மத்தியானம் அவள் நம் ஓவனில்தான் சுட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அடி கருகுகிற வாசனை வந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடி கரி, நடு மாவு. சுரண்டிச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "சுமாராத்தான் வந்திருக்கு அண்ணி, பரவாயில்லையா?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கு என்றேன். சாயங்காலம் அவளும் அப்பாவும் முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போன நேரத்தில் நான் வழக்கம்போல ஒன்று சுட்டு எடுத்து வைத்தேன். மறுநாள் ஆலயத்தில் திருவிருந்து மேஜைக்கு விரிப்பு போட முன்னாடியே போவேன் அல்லவா, அப்போது அவளுடையதை எடுத்து என் பைக்குள் போட்டுவிட்டு என்னுடையதை வைத்துவிட்டேன். கரி ரொட்டி அந்த மேஜைக்கு ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த எண்ணம் வேறு. பிட்டவுடனே போதகருக்கு என் கை தெரிந்துவிடும், நீங்க இல்லாம முடியாதும்மா என்று வந்து நிற்பார் என்று கணக்குப் போட்டேன்.

போதகர் ரொட்டியை உயர்த்திக் காட்டினார். முன்வரிசையில் இருந்த உன் அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லோரும் ஆளுக்கு ஒரு துண்டு வாங்க மேஜைக்கு எழுந்து போனார்கள், அப்பா என் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார், எனக்குக் கால் வரவில்லையடி. மடியில் பை, பைக்குள் அவள் ரொட்டி, நான் எந்த முகத்தோடு போய்க் கை நீட்டுவேன்? திருவிருந்துக்குப் போகாமல் உட்கார்ந்தது என் ஆயுசிலேயே அன்றைக்குத்தான். வெளியே வந்தால் அதற்கு மேல் ஒரு கூத்து. தையல்கார அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா கைம்மா உங்களுக்கு! இப்படி ஒரு ரொட்டிய நாங்க இங்க தின்னதே இல்ல" என்கிறாள். வருஷக்கணக்காக அதே ரொட்டியைத்தானே தின்றாள்! ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னது உண்டா? உன் அத்தை, "ஐயோ நான் சுடல, எங்க அண்ணி சுட்டது" என்று உள்ளதைச் சொல்லியும் யாரும் நம்பவில்லை. என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்று இன்னொரு சுற்றுப் புகழ்ந்தார்கள். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் குப்பையில் போடப் போனேன். பின்னாலேயே வந்தவள் கையிலிருந்து வாங்கி, கரியை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு, வெந்திருந்த கொஞ்சத்தை எனக்குத் தந்தாள். "நல்லாவே இல்ல, இருந்தாலும் தின்னுங்க அண்ணி. காலையிலேர்ந்து நீங்க ஒண்ணுமே வாயில வெக்கல" என்றாள். ஏன் மாத்தினீங்க என்று கேட்கவே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது, என் பெண் எதற்காக என்னை விட்டுவிட்டு உனக்குப் போன் பண்ணுகிறாள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவள் யோசித்துவிட்டு, "அவளுக்குப் புத்தி சொல்ற தகுதி எனக்கு இல்லைன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதான் பயமில்லாம பேசுறா" என்றாள். போன வாரம் நீ அவளிடம் எதையோ சொல்லி அழுதாய் என்றும் சொன்னாள். என்னவென்று கேட்டேன், அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க என்று நீயே கேட்டுக்கொண்டாயாமே.

அந்த வார்த்தையோடுதான் இந்த வாரம் முழுக்க இஸ்திரி மேஜையில் நின்றேன். கர்த்தர் முன்னால் நான் எப்போதும் ஷிஃப்ட் முடிந்து கூலிக்கு நிற்கிறவளைப் போலத்தான் நின்றிருக்கிறேன், விரிப்பு போட்டேன், ரொட்டி சுட்டேன், மாமியாரைப் பார்த்துக்கொண்டேன், எங்கே எனக்கு என்று. உன்னிடமும் அதே பாட்டுத்தான், பெற்றேன் வளர்த்தேன் என்று. உன் அத்தை ஒன்றும் செய்யாமலே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் கை நீட்டக்கூட வெட்கப்பட்டு உட்கார்ந்த அன்றைக்கு எனக்கும் சும்மாவே ஒரு துண்டு கிடைத்தது, அதுவும் அவள் கையால். போதகர் எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியும் என் மண்டையில் ஏறாதது அந்த வேகாத ரொட்டியில் ஏறியது. அதற்காக எரிச்சல் போய்விட்டது என்று நினைக்காதே, இன்று காலையில்கூட அவள் குளிக்கும்போது பாடினாள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ எதற்கு அழுதாய் என்று நான் கேட்கமாட்டேன். என் வாய் சும்மா இருக்காது, கேட்டாலும் கேட்பேன், நீ பதில் சொல்லாதே. வேலை போனாலும் சரி, வேறு எது ஆனாலும் சரி, சரிபண்ணிவிட்டுத்தான் வரவேண்டும் என்று இருக்காதே, அப்படியே புறப்பட்டு வா. உன் அறையில் அத்தை இருக்கிறாள், அவளை அங்கிருந்து கிளப்ப எனக்கு மனசில்லை, நீ என் பக்கத்தில் படுத்துக்கொள், அப்பா கூடத்தில் படுப்பார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் இருமலையும் சேர்த்து. சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. அத்தையோடு தாராளமாகப் பேசு, அவளிடம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல். சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா இரு, நானும் சும்மா இருக்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா