அடாப்டர் கெட்டுப்போகவில்லை

குட்டிம்மா,

தராசைக் கணினியோடு இணைக்க நீ வாங்கிய அடாப்டரைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அது கெட்டுப்போகவில்லை. "உங்க பேச்சக் கேட்டு லினக்ஸ் போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்று அன்றைக்கு நீ கத்தியதில் பாதி நியாயம் இருக்கிறது. லினக்ஸில், தராசு கணினியோடு பேசுகிற சீரியல் போர்ட்டைத் திறக்க 'டயல்அவுட்' என்கிற அனுமதிக் குழுவில் நம் பெயர் இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் என் பெயரை மட்டும் சேர்த்துவிட்டு உன்னுடையதை மறந்திருக்கிறேன். இப்போது சேர்த்தாயிற்று. உன் கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வா, அப்போதுதான் எடுக்கும். பிறகு நீ லேபிலிருந்து கொண்டுவந்த தராசை மாட்டிப் பார்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நேற்று மாதிரி தொடாமல் தூங்கிவிடாதே. ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது, நான் வீடு திரும்புவதற்காகச் சாவியை மறக்காமல் மீட்டர் பெட்டிக்குள் வை. நேற்று நீ எடுத்துப் போய்விட்டதால், வீட்டுக்காரர் மாற்றுச் சாவியோடு வரும்வரை ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். போன் பண்ணியிருக்கலாம். நீ எடுப்பாயோ மாட்டாயோ என்று பண்ணவில்லை.

அப்பா

பி.கு: உன் ஹேர்பின் ஒன்றை எடுத்துக்கொண்டேன், கோபிக்காதே. அடாப்டரில் அனுப்புகிற ஊசியையும் வாங்குகிற ஊசியையும் அதால் இணைத்தால், நாம் கீபோர்டில் தட்டுவது நமக்கே திரையில் திரும்பி வரும். வந்தால் அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "சாப்டீங்களாப்பா?" என்று தட்டினேன். "சாப்டீங்களாப்பா?" என்று வந்தது.

சோதனை அதோடு முடிந்துவிட்டது. ஆனாலும் இன்னும் நாலு தடவை தட்டினேன்.