பாலைவனத்தில் பெய்த மழை

அன்புள்ள அண்ணா,

உன் மகள் மெலே இதை உனக்கு வாசித்துக் காட்டும்போது நடுவில் சிரித்தால் அவளைத் திட்டாதே. கண் டாக்டர் சொன்னதை அவள் போனில் சொல்லிவிட்டாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நேற்று ஒரு புதுப் படம் பார்த்தேன். திமிங்கிலத்தின் கண்ணோரச் சுருக்கம்கூடத் தெரிகிறது! திறந்த வாயை நான் மூடவே இல்லை. ஆனாலும் நம் ஊர் நுகுஅலோஃபாவின் சினிமாக் கொட்டகைக்கு ஈடாகுமா? அண்ணனும் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பது டோங்காக்காரருக்கு ஆகாதே. அதனால் இடைவேளை வரை நீ, அதற்குப் பிறகு நான். ராத்திரி முதல் பாதியை நீ அம்மாவுக்குச் சொல்வாய்; தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மூச்சு விடாமல் கேட்பேன். அந்தக் குதிரைப் படம் ஞாபகம் இருக்கிறதா?

“நாப்பது குதிரைம்மா! அவன் இறங்கி அவ கையப் பிடிச்சான். உடனே மழை!”

“பாலைவனத்துலயாடா?”

“அடிச்சு ஊத்துச்சும்மா!”

போன வாரம் அதை முதலிலிருந்து பார்த்தேன். நாலே குதிரை. ஒரு சொட்டு மழை இல்லை. நீ மழை பெய்ய வைத்த இடத்தில் மூன்று முத்தம் இருந்தது. அடேயப்பா அண்ணா, நீ காட்டிய படம் எவ்வளவு பெரிய படம்!

வெள்ளிக்கிழமை ஆக்லாந்து வருகிறேன். நீ வராந்தாவில் உட்கார்ந்துகொள். நான் உள்ளே படத்தைப் போட்டு, கதவு வழியாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன். இரண்டு பாதியையும்.

நடுவில் மழை பெய்தால் கேள்வி கேட்கக் கூடாது.

உன் தங்கை