பின் கேட் என்று சொன்னது நான்

ஜூன் 3, செவ்வாய்

காற்று. மில் வாசலெல்லாம் புழுதி. பெட்ஷீட் ஆர்டர் வெள்ளிக்குள் போயாக வேண்டும். தையலில் பூங்கொடி இன்றும் தாமதம், பத்து நாளில் நாலாவது தடவை. சூப்பர்வைசர் ஆச்சே, எல்லார் எதிரிலும் திட்டிவிட்டேன்.

டீ நேரத்தில் அவளே வந்தாள். கழுத்தோரம் கன்றிப்போயிருந்தது.

"ஊட்ட உட்டு வந்துட்டேனுங்க்கா. அடி தாங்க முடியல. எங்கக்கா ஊட்ல இருக்கறேன். பாப்பாவ மாமியா உட மாட்டேங்குது. அவரு கேட்டா நான் எந்த ஷிப்ட்டுன்னு சொல்லிராதீங்க."

சரி என்றேன். திட்டியதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: இஞ்சி, தலைவலித் தைலம்.

ஜூன் 5, வியாழன்

காலையில் ஆபீஸ் போனுக்கு அவள் புருஷன். அவ்வளவு மரியாதை.

"அக்கா, பூங்கொடி ஊட்டுக்காரனுங்க. பாப்பாவுக்குக் காச்சலுங்க, அம்மா அம்மாங்குது. இவ போனே எடுக்க மாட்டேங்கறா. நீங்க பெரியவங்க, நீங்கதான் எங்களைச் சேத்து வைக்கோணும்."

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும், இப்போது பின் கேட் வழியாகத்தான் போகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ரெண்டே காலுக்குச் சத்தம். ஜன்னலில் பார்த்தேன். பின் கேட்டில் அவள் புருஷன். முடியைப் பிடித்து இழுத்து, ஹெல்மெட்டால். தடுக்கத் தூக்கிய கையில் விழுந்தது. சுற்றி முப்பது பேர் நின்றார்கள். வாட்ச்மேன் அண்ணன்தான் ஓடிப்போய் விலக்கினார். நான் படி இறங்கவில்லை. கால் வரவில்லை என்று எழுத நினைத்தேன். பொய். அவன் என்னைப் பார்த்து அக்கா என்று கூப்பிட்டுவிடுவான் என்று பயந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ஆர்டர் போகவில்லை. பூங்கொடிக்கு வலது மணிக்கட்டு முறிவு, ஜி.ஹெச்.சில் இருக்கிறாளாம். யாருக்கும் வேலையில் மனசில்லை. ஓரம் கோணிய பீஸ் ஒரு கட்டு. பேக்கிங் சரசு, "எங்க ஊட்ல நடக்காததா? எங்கூட்டுக்காரர் மில் கேட்டு வரைக்கும் வரல, அவ்வளவுதான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தலைகுனிந்தவர்களை எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

மேனேஜர்: "கம்பெனி பேரு கெட்டுப் போயிரும். அவளக் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிருங்க."

பின் கேட்டைப் பற்றி அவனிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்று பேச்சு. வாட்ச்மேன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவருக்கு டீ கூட யாரும் கொடுக்கவில்லை. நான் அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 7, சனி

காய்ச்சலை நம்பித்தான் சொன்னேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான். நீங்க பெரியவங்க என்றானே, அதில் உச்சி குளிர்ந்துபோனேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஜி.ஹெச். போனேன். ஆரஞ்சு, பிரெட். பூங்கொடியின் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணை மேல். பாப்பாவுக்குக் காய்ச்சலே இல்லையாம்.

சொன்னேன். "நான்தான் புள்ள அவன்கிட்டச் சொன்னது."

"தெரியுமுங்க்கா. அடிக்கறப்பவே அவரு சொன்னாரு, 'உங்க சூப்பர்வைசரே சொல்லிருச்சுடீ'ன்னு."

"அப்பறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"கை சேந்தா உங்ககிட்டத்தானுங்க வேலைக்கு வரோணும்."

அவள் அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஜூன் 9, திங்கள்

லேசான தூறல். ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன். "வாட்ச்மேன் அண்ணன் சொல்லல. நான்தான் சொன்னேன்." அவர் என்னைப் பார்க்காமல் கேட்டுக்குப் போய்விட்டார். மேனேஜரிடம், அவளை வர வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன் என்றேன். "உங்க வேலையும் யோசிச்சுக்கோங்க" என்றார்.

பத்து மணிக்கு மகளிர் காவல் நிலையம், பூங்கொடியின் அக்காவோடு. அவள் கொடுத்த புகாருக்கு என் சாட்சி வாக்குமூலம். "அவ போற வழி அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். "நான் சொன்னேனுங்க." அதையும் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். அவனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள். பாப்பாவைச் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து விடச் சொல்லி மாமியாருக்குப் போன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலி. அவள் அக்கா கம்பியைப் பிடித்தபடி எங்கள் ஊர் எடப்பாடி வரை நின்றுகொண்டே வந்தாள்.