ஒன்றரைக் கட்டை

மார்கழி 2, செவ்வாய்

பனி. காதுவரை மப்ளர். ரத்தக் கொதிப்பு நூற்றெண்பது. மாத்திரை எழுதிவிட்டு டாக்டர் சொன்னது: "மனசுல எதையோ வச்சிக்கினு இருக்கீங்க சார். நாலு பேரோட சேந்து பாடுங்க, எறங்கும்."

சேர்ந்து பாடுவதென்றால் எங்கள் தெரு விடியற்காலை பஜனைக் கோஷ்டிதான். எல்லாம் அறுபது தாண்டியவை. முன்பாட்டு சபாபதி. என் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். மொட்டைக் கடுதாசி போட்டு என்னைப் பொன்னேரிக்கு மாற்ற வைத்தவன். என் மனைவி கமலா இங்கே காய்ச்சலில் போனபோது நான் அங்கே. முகம்கூடப் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது.

சேருவதாகச் சொல்லிவிட்டேன். கமலாவின் ஆர்மோனியத்தைத் தூசி தட்ட வேண்டும். ரேஷன் சர்க்கரை. மாத்திரை.

மார்கழி 5, வெள்ளி

ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர் கோஷ்டியில் வேறு யாரும் இல்லை. சுருதி என் கையில். சபாபதிக்கு ஒன்றரைக் கட்டைதான் சௌகரியம், அதற்குமேல் தொண்டை ஏறாது. இன்று இரண்டு வைத்தேன். அவனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. வீட்டுக்கு வந்து நாலு இட்லி. வழக்கமாக இரண்டு.

மார்கழி 6, சனி

மூன்று கட்டை. சன்னதி முனையில் நல்ல கூட்டம். மேலே போகிற இடத்தில் சபாபதியின் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. இதற்காகத்தான் வந்தேன். ஆனால் அவன் விட்ட இடத்திலிருந்து கிழங்கள் அத்தனையும் எடுத்துக்கொண்டன, கீச்சுக் குரலில், பல்லில்லாமல், ஓங்கி. அவன் விழுந்தது கூட்டத்துக்குத் தெரியவே இல்லை.

முடிந்த பிறகுதான் கவனித்தேன், நானும் பாடியிருக்கிறேன். என் வாயைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்கழி 7, ஞாயிறு

பஜனை முடிந்து சபாபதி தனியாக வந்தான். "சார், நீங்க சுருதிய ஏத்தி வக்கிறது மொத நாளே தெரியும். வைங்க. எனக்கு வேணும். அந்தக் கடுதாசி எழுதின கை இதான்."

துடிப்பான் என்று பார்த்தால், தண்டனையைப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொள்கிறான். பழிவாங்கிய திருப்தியைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி சுருதியில்லாமல் பாடித் தொலையட்டும்.

மார்கழி 8, திங்கள்

போகவில்லை. ஐந்தரைக்கு என் வாசலிலேயே வந்து நின்றார்கள். "சாரு இன்னும் எழுந்துக்கலபா." "பரவால்ல, நாம பாடிடலாம்."

சபாபதி எடுத்தான். இரண்டாவது அடியிலேயே ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மூன்றாவதில் ஜால்ரா மட்டும்தான் ஒழுங்கு. காதைப் பொத்திக்கொண்டேன். அப்படியும் கேட்டது. பல்லைக் கடித்தேன்.

தாழ்ப்பாளை எடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கமலாவின் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றரைக் கட்டைதான் வைத்தேன்.