பாவா கிடந்த பட்டினி

அன்புள்ள பாவா,

இன்று கிருத்திகை. விரதம் முடித்த அக்கா, உங்கள் கைப்பக்குவத்திலேயே மிளகு தூக்கலாகப் போட்டு வடை சுட்டாள். மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை, என் வாயின் மேல்.

அக்காவையும் உங்களையும் பார்க்க ஒருநாள் கே.ஜி.கண்டிகைக்கு வந்தபோது, உங்கள் டிபன் கடையில் கேட்டீர்கள்: “ஏன் மச்சான், அந்த ஆராய்ச்சிக் கூடத்துல நீ இன்னாதான் பண்ணிகினு இருக்கே?” அப்போது உங்களுக்கு நோய் இருப்பது யாருக்கும் தெரியாது. நான் மேதாவி மாதிரி ஆரம்பித்தேன். தீனி கிடைக்காத செல், தனக்குள் கிடக்கும் பழுதான பாகங்களைத் தானே தின்று சமாளிக்கும், அதற்குப் பெயர் ஆட்டோஃபேஜி என்றேன். “அட, கிருத்திகை விரதம்னு சொல்லு” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, பாதிக் கதையோடு பஸ் ஏறிவிட்டேன்.

மீதிப் பாதி இதுதான். எலும்பில் போய் ஒட்டிக்கொண்ட புற்றுநோய்ச் செல்லுக்கும் அதே வித்தை தெரியும். தீனியில்லாமல், மருந்தும் நெருக்கும்போது, தன்னையே கொஞ்சம் தின்று அது பிழைத்துக்கொள்ளக்கூடும். என் வேலையே அதைப் பற்றித்தான்.

புராஸ்டேட்டில் தொடங்கிய புற்று உங்கள் முதுகெலும்புக்குப் பரவியதும் இரவுச் சோற்றை விட்டீர்கள். பிறகு காலை டிபனையும். அக்கா போனில் அழுதாள். ஓடிவந்து பார்த்தால், இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, முகத்தில் மட்டும் பெருமை. “நீ சொன்னதத்தான் பண்ணிகினு இருக்கேன் மச்சான். உள்ள இருக்கறது பசியில சாவட்டும்.”

“அது வேற பாவா, சாப்பிடுங்க” என்று முனகினேன். எப்படி வேறு என்று சொல்லவில்லை. மருந்தைவிட அந்தப் பட்டினியைத்தான் நீங்கள் நம்பினீர்கள். அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் அப்படி இளைத்ததற்கு நோயே பெரிய காரணம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அக்காவும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது யார் கேட்டாலும் முழுக்கதையும் சொல்கிறேன், டாக்டரைக் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டையும் விடாதீர்கள் என்கிறேன். உங்களிடம் சொல்லாததை ஊருக்கெல்லாம் சொல்லி என்ன பயன்?

நீங்கள் போவதற்கு முன் கடைசியாக நான் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“செத்திருக்குமா மச்சான்?”

“ஆங், பாவா.”

கண்ணை மூடி மூச்சை விட்டீர்கள். “அப்ப ரெண்டு இட்லி எடுத்தாரச் சொல்லு.”

அக்கா ஓடினாள். ஒரு வாய்கூட உங்களால் விழுங்க முடியவில்லை. அந்தப் பொய்யையாவது நான் முன்பே சொல்லியிருக்கலாம், பாவா.