சட்டையின் நிறம்

ஜனவரி 14, 2013, திங்கள்

மருமகளை இன்று மூன்று முறை அறைந்தேன். முதல் இரண்டும் கேமராவுக்குப் பிடிக்கவில்லையாம். பாவம், அந்தப் பெண்ணுக்குக் கன்னம் சிவந்துவிட்டது. இடைவேளையில் ஐஸ் கட்டி வாங்கிவந்து நானே ஒற்றிவிட்டேன்.

எல்லாவற்றையும் வழக்கம்போல நசாரியோ காதுக்குள் சொன்னான். என்னை அவன் ராணி என்றுதான் கூப்பிடுவான். "ரெண்டு அடி முன்னால வா ராணி. அறை. 'இந்த வீட்டுப் படிய இனிமே மிதிக்காதே.' இப்ப அழு." பதினெட்டு வருடமாக அவன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் முணுமுணுக்கிறான். நான் அதை உரக்கச் சொல்கிறேன், சம்பளம் வாங்குகிறேன். காதுக்குள் வைக்கும் அந்தச் சின்னக் கருவிக்குப் பட்டாணி என்று பெயர். ஒரு நாளைக்கு முப்பது காட்சி எடுக்கும் தொடரில் எவள் வசனத்தை மனப்பாடம் செய்வாள்?

வீட்டுக்கு வந்தால் கதவடியில் ஒரு தடித்த உறை. சினிமாவாம். என்னைத்தானா கேட்கிறார்கள்? உறையில் என் பெயர்தான் இருக்கிறது. எர்லிந்தா சிஸ்னேரோஸ்.

ஜனவரி 17

திரைக்கதையைப் படித்து முடித்தேன். டயருக்கு ஒட்டுப்போடப் போன மகன் திரும்பி வரவில்லை. தாய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை அவள்தான்.

இயக்குநர் ஹிமேனாவுக்கு முப்பத்தொரு வயது. போனில் குரல் பள்ளிக்கூடப் பெண் போல இருக்கிறது. "உங்க ரெண்டாவது படத்துல ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு நிமிஷம் சும்மா நிப்பீங்க. ஒரு வார்த்தை பேசமாட்டீங்க. எங்க வகுப்புல அதைப் போட்டுக் காட்டினாங்க செனோரா எர்லிந்தா," என்றாள்.

அப்போது எனக்கு இருபது வயது. அதன்பிறகு முகமூடி மல்யுத்த வீரர்களின் தோளில் நான்கு படங்களில் மயங்கிக் கிடந்தேன். ஐந்து பண்ணைப் படங்களில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டு கேட்டேன். கடைசியாக வந்த மதுக்கூடப் படங்களைப் பற்றி இந்த நோட்டில் எழுதமாட்டேன். மொத்தம் பதினான்கு. கடைசிப் படம் வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது.

ஜனவரி 26

நாற்பத்தொன்றாவது காட்சி நான்கு பக்கம். காணாமல் போனவர்களைப் பதியும் அலுவலகம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா, இந்தப் பக்கம் தாய். மகனின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். வெட்டு இல்லை, ஒரே ஓட்டமாக எடுக்கப்போகிறார்களாம்.

காலையிலிருந்து சமையலுக்குக் கள்ளிமடல் முள்ளைச் சீவிக்கொண்டே சொல்லிப்பார்த்தேன். ஆறு வரி வருகிறது. ஏழாவது வந்தால் இரண்டாவது போய்விடுகிறது. அந்தக் காலத்தில் நாற்பது பக்கத்தை இரண்டே நாளில் விழுங்கியவள் நான். டாக்டரிடம் போனேன். மூளையில் ஒன்றும் இல்லை, வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்கிறார். பிறகு என்னதான்?

பிப்ரவரி 2

போன மாதம் மூவரசர் திருநாள் ரொட்டிக்குள் வைத்துச் சுட்ட பொம்மை என் துண்டில் வந்தது. அப்படி வந்தவர்தான் விருந்து வைக்க வேண்டும் என்பதால் இன்று யூனிட்டுக்கே தமாலே, அந்த மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை, வாங்கிக்கொடுக்க வேண்டியதாயிற்று. நசாரியோ மூன்று தின்றான். வசனம் நிற்காததை அவனிடம் மட்டும் சொன்னேன்.

"உன் மூளைக்கு ஒண்ணும் இல்ல ராணி. பதினெட்டு வருஷமா அதைத் தரையில இறக்கிவிடாம நான் இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்கு நடக்க மறந்துபோச்சு."

"நீயும் கூட வா."

"சினிமாவுக்கா? ஒத்துக்கமாட்டாங்க."

"யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல."

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தை விட்டால் எனக்கு இன்னொரு படம் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 4, தொர்ரெயோன்

புழுதி. வெயில். படப்பிடிப்புக்காக வடக்கே வந்திருக்கிறோம். ராத்திரி எட்டு மணிக்கே இந்த ஊரில் எல்லோரும் பயந்து கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

நசாரியோவை என் கொழுந்தன், எனக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்திருக்கிறான் என்று சொல்லிவைத்தேன். அவன் மருந்துப் பெட்டிக்குள் மைக். வேனுக்குள் உட்கார்ந்து சொல்கிறான். பட்டாணியை முடியால் மறைத்துக்கொண்டேன். இரண்டு காட்சி முடிந்தது. யாருக்கும் சந்தேகம் இல்லை.

மார்ச் 7

மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒலிப்பதிவுக்காரன்தான் ஏதோ இரைச்சல் வருகிறது என்றான். ஹிமேனா அவனைக் கண்டுகொள்ளாமல் என்னைத் தனியே கூப்பிட்டுப்போனாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"உங்க கண்ணு யார் பேச்சையோ கேட்டுட்டிருக்கு. நீங்க பேசறதுக்கு அரை நொடி முன்னால யாரோ உங்களுக்குள்ள வந்துட்டுப் போறாங்க. நாலு நாளா பாக்கறேன், அது யாருன்னு புரியல."

பட்டாணியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 8

நசாரியோவை மதிய பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். "உன்னால முடியும்னு நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனா படிச்சுப்பாரு," என்றான். பொய் சொல்லாத மனுஷன்.

செவ்வாய்க்கிழமை நாற்பத்தொன்றாவது காட்சி. முடியாவிட்டால் புதன்கிழமை தலைநகரிலிருந்து வேறொருத்தி வருகிறாள். தயாரிப்பாளர் அவளிடம் பேசிவிட்டாராம். யாரென்று கேட்டேன். சொன்னார்கள். மதுக்கூடப் படங்களில் என் பின்னால் தட்டு ஏந்தி நின்றவள்!

மார்ச் 10, ஞாயிறு

காட்சியில் என்னோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு இன்று ஒத்திகை. துணை நடிகைகள் என்று நினைத்திருந்தேன். இல்லை, இந்த ஊர்த் தாய்மார்கள். எல்லோருக்குமே ஒரு பிள்ளை காணாமல் போயிருக்கிறது. கழுத்தில் பிள்ளையின் போட்டோ தொங்குகிறது. அது கலைத்துறை செய்துகொடுத்ததல்ல, அவர்களே வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்தது.

எனக்குப் பின்னால் நிற்பவர் கசில்தா. அறுபது இருக்கும். மகன் ரோசெந்தோ தரைக்கு ஓடு பதிக்கிறவன். காணாமல் போய் ஐந்து வருடம் ஆகிறது. நான் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு ஒரு துணியை அவிழ்த்துச் சூடான மாவு ரொட்டி கொடுத்தார்.

"சாப்பிட்டுட்டுப் படிங்க செனோரா. வெறும் வயித்துல ஒண்ணும் ஏறாது."

"உங்களுக்கெல்லாம் எப்படி ஏறிச்சு?"

"எங்களுக்கா? ஐந்நூறு தடவை சொன்னா ஏறிடும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். உசரம் ஒண்ணு எழுபத்திரண்டு. இடது புருவத்துல வெட்டுக்காயம். பச்சைச் சட்டை." படபடவென்று சொன்னவர் சட்டையில் நின்றுவிட்டார். பிறகு ரொட்டித் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

வசனம் இப்போது இரண்டரைப் பக்கம் வரை வருகிறது.

மார்ச் 12, செவ்வாய்

ஒழுங்காக, நடந்தபடியே எழுதவேண்டும்.

முதல் தடவை ஒரு பக்கத்தில் நின்றேன். இரண்டாவது தடவை மூன்றாம் பக்கம் வரை போனேன். தயாரிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு முறைதான் என்று ஹிமேனா சொன்னாள். அவள் குரலிலும் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

மூன்றாவது தடவை. பெயர் சொன்னேன். வயது. உயரம். பல்லில் ஒன்று உடைந்திருக்கும் என்றேன். ஓடிக்கொண்டிருந்தது, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது சட்டை. வெள்ளைச் சட்டை, நீலக் கோடு போட்டது, என் கையால்தான் இஸ்திரி போட்டேன் — இதுதான் வரி. இப்போது எழுத வருகிறது. அப்போது வரவில்லை.

ஒன்றுமே இல்லை. தலைக்குள் வெறும் சூனியம். குமாஸ்தாவாக நடித்த உள்ளூர் நாடகக்காரர் தடுமாறவில்லை. தட்டச்சிலிருந்து நிமிராமலே, "சட்டை என்ன நிறம்?" என்று இன்னொரு முறை கேட்டார். என் கை தானாகக் காதுக்குப் போனது. நசாரியோ சொல்வான் என்று காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். காதுக்குள் யாரும் இல்லை.

"நான்தான் இஸ்திரி போட்டேன்," என்றேன். "என் கையாலதான். காலையில. மேஜை மேல துணிய விரிச்சு..." நிறம் வரவில்லை. ஐயோ, போச்சே, எல்லாம் போச்சே, அவ வந்துடுவா நாளைக்கு — இதுதான் என் மனதில் ஓடியது. மகன் ஒருவனும் என் மனதில் இல்லை. "தெரியல," என்றேன். "நான்தான் இஸ்திரி போட்டேன். எனக்குத் தெரியல." பிறகு அழுகை வந்துவிட்டது. சொல்லிக்கொடுக்காமல் வந்த அழுகை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

கட் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.

ஹிமேனா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. "அதை எங்கேருந்து எடுத்தீங்க? நான் எழுதவே இல்லையே அதை." தயாரிப்பாளர் தொப்பியைக் கழற்றினார். புன்னகைத்துத் தொலைத்தேன். படம் என்னுடையதாகிவிட்டது.

மார்ச் 13

தூங்கவில்லை. வசனம் மறந்த கிழவியைப் பார்த்து எல்லோரும் அழுதிருக்கிறார்கள். அதற்குப் பெயர் நடிப்பா?

காலையில் கசில்தா ஒப்பனை அறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"யாரு உங்ககிட்ட சொன்னது?"

"எதை?"

"சட்டைய. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூட சொல்லல."

அப்புறம் நின்றபடியே சொன்னார். ஐந்து வருடம் முன்பு குமாஸ்தா அவசரப்படுத்தினாராம், பின்னால் இருபது பேர் நின்றார்களாம். வாயில் வந்தது பச்சை. வெளியே வந்து பஸ் ஏறும்போதே பச்சை இல்லை என்று தெரிந்துவிட்டது. பச்சைச் சட்டை அன்றைக்குக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அப்படியானால் அவன் போட்டுக்கொண்டு போனது என்ன? நினைவில்லை.

"எங்கேயாவது பொதைச்ச எடத்துல யாராவது கெடைச்சா, பச்சைச் சட்டைய வச்சுத்தான் எனக்குக் காட்டறாங்க. இதுவரைக்கும் நாலு பேரு. மத்தவங்களைக் காட்டவே இல்ல. போய்ச் சொல்லிடணும்னு ஒவ்வொரு மாசமும் கெளம்பறேன். எந்தத் தாய்க்கு மறக்கும், சொல்லுங்க? என்ன ஜென்மம்னு கேக்கமாட்டாங்களா?"

எனக்கு வசனம் மறந்துவிட்டது, அவ்வளவுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நேற்றுக் கிடைத்த அணைப்பை இழக்க மனமில்லை. "நானா நெனச்சுக்கிட்டேன்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கேவலமாக இருக்கிறது.

ஜூன் 21

தொடரில் என்னை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார்கள். படத்துக்காக ஒரு மாதம் விடுப்பு எடுத்ததற்குத் தண்டனை. சவப்பெட்டிக்குள் படுத்திருக்கும்போது நசாரியோ பட்டாணியில், "மூச்சு விடாதே ராணி," என்றான். சிரித்துவிட்டேன், ரீடேக்.

இனி காலை நேரமெல்லாம் காலிதான். தினமும் ஒரு பக்கம் ஏதாவது மனப்பாடம் செய்கிறேன். செய்தித்தாள், மருந்துச் சீட்டு, எதுவானாலும். ஒரு பக்கம் இப்போது நிற்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு, தொர்ரெயோன்

நேற்று மாலை இங்கே நகராட்சி அரங்கில் படம் போட்டார்கள். தாய்மார்கள் முதல் இரண்டு வரிசை. பெரிய திரையில் என் முகச் சுருக்கங்களைப் பார்க்க முதலில் பயமாக இருந்தது, பிறகு மறந்துபோனது.

முடிந்ததும் மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒரு கல்லூரிப் பையன் எழுந்தான். "சட்டை நிறம் மறந்துபோற அந்த இடத்துக்கு எப்படித் தயார் பண்ணிக்கிட்டீங்க?" ஹிமேனா பெருமையாக என்னைப் பார்த்தாள். எட்டு மாதமாக யூனிட்டிலும் பேட்டிகளிலும் இதே கேள்விக்கு அழகழகாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். முதல் வரிசையில் கசில்தா இருந்தார்.

"தயார் பண்ணல," என்றேன். "எனக்கு வசனம் மறந்துபோச்சு. பதினெட்டு வருஷம் காதுல இன்னொருத்தர் சொல்லக் கேட்டுச் சொன்னவ நான். அன்னிக்குச் சொல்ல ஆள் இல்ல. வேலை போயிடுமேன்னு அழுதேன். எல்லாரும் நடிப்புன்னாங்க, நானும் வாய மூடிக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஹிமேனா சிரிக்கவில்லை. கீழே என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். கசில்தாவும் சிரிக்கவில்லை.

வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "அத்தனை பேர் முன்னால சொல்லிட்டீங்களே," என்றார்.

"முன்னமே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

"திங்கக்கிழமை காலையில ஊர்ல இருப்பீங்களா?" என்று கேட்டார்.

நவம்பர் 11, திங்கள்

காணாமல் போனவர்கள் அலுவலகத்தில் எட்டு மணிக்கே வரிசை வாசல்வரை வந்துவிட்டது. கசில்தா முன்னால், நான் பின்னால். படத்தில் இருந்ததைவிட ஜன்னல் சின்னது.

குமாஸ்தா என்னைத்தான் முதலில் பார்த்தான். "நீங்க மாடிப்படியில விழுந்து செத்துட்டீங்களே?" ஆமாம் என்றேன், இவரைப் பாருங்கள் என்றேன்.

"என் மகன் கோப்புல சட்டை நிறம் தப்பா இருக்கு. மாத்தணும்," என்றார் கசில்தா.

"பச்சைன்னு போட்டிருக்கு. என்ன நிறம் போடணும்?"

"தெரியல."

"காலியா விடமுடியாதும்மா. கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"அப்ப, தாய்க்கு நினைவில்லைன்னு போடுங்க." குரல் நடுங்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படிதான் சொன்னார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவன் தட்டினான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நிறத்தை எடுத்துட்டா அடையாளம் தெரியாத உடம்புங்க இருபத்தேழு வருது. துணிங்களோட போட்டோ மட்டும்தான் இருக்கு. இன்னிக்கே பாக்கறீங்களா?"

உள்ளே ஒரு மேஜை. கசில்தா தனக்கொன்று, எனக்கொன்று என்று இரண்டு நாற்காலி இழுத்துப்போட்டார். முதல் கோப்பு இல்லை. இரண்டாவது இல்லை. ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும் அவரே மூடி, குமாஸ்தா பக்கம் நேராக வைத்தார்.

பதினாலாவதில் ஒரு சாம்பல் நிறச் சட்டை. மண் ஒட்டியிருந்தது. கசில்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரலைக் காலர்மேல் வைத்தார்.

"காலர் தேஞ்சுபோச்சுன்னு திருப்பிப் போட்டுத் தச்சேன். கறுப்பு நூல்தான் இருந்துச்சு வீட்டுல," என்றார். "இது என் தையல்."

கசில்தாவின் ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றார்கள். ரத்தம் கொடுக்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் விமான டிக்கெட்டை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.